என் மூக்கு வரை வந்த ஸ்கீ

போன வருடம் பெப்ரவரி அரைத் தவணை விடுமுறையில், சுவிஸ் மலையொன்றின் பாதிச் சரிவில் வைத்து, என் மச்சாள் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டாள். நான் கேட்கவில்லை.

"மச்சாள், வாற வருசம் நீங்கள் கீழை அண்ணையோடை நில்லுங்கோ. இனி உது உங்களுக்கு ஏலாது" என்றாள்.

அவள் அதைச் சொன்ன நேரத்தில் நான் பனிக்குள் இடுப்பு வரை புதைந்து கிடந்தேன். பனியில் சறுக்கும் ஸ்கீப் பலகைகளில் ஒன்று காலில் இருந்தது, மற்றது மேலே எங்கோ கழன்று நின்றது. அப்படிக் கிடந்துகொண்டு ஒருவருக்குச் சூடான பதில் சொல்ல முடியாது. வாய்க்குள் பனி வேறு. நான் எழும்பி, பனியைத் தட்டிவிட்டு, கழன்ற ஸ்கீயை எடுத்து மாட்டிக்கொண்டு, மிச்ச வழியைப் பக்கவாட்டில் வழுக்கி வழுக்கி இறங்கி முடித்தேன். கோபம் மட்டும் கொஞ்சமும் ஆறவில்லை.

கீழே நிற்பதென்றால் என்ன என்பது எங்கள் குடும்பத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளங்காது. மச்சாள் என் கணவரின் தங்கை. நாங்களும் ஒரு காலத்தில் அவள் இருக்கும் சுவிஸிலேதான் இருந்தோம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில் குடியேறிவிட்டோம். ஆனாலும் ஒவ்வொரு பெப்ரவரியும் இரண்டு குடும்பமும் சேர்ந்து மலையில் ஒரு வீடு வாடகைக்கு எடுப்போம். ரைஸ் குக்கரும் மிளகாய்த்தூளும் இல்லாமல் எந்தக் காரும் புறப்படாது. அந்த வீட்டில் ஒரேயொரு சட்டம்தான் உண்டு. சறுக்குகிறவர்கள் காலையில் மலைக்குப் போவார்கள், சறுக்காதவர்கள் சமைப்பார்கள்.

என் கணவர் இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட ஸ்கீயில் கால் வைத்ததில்லை. "எனக்கு நிலத்திலை நடக்கவே வழுக்குது" என்பார். ஆகவே அந்த ஒரு கிழமையும் அடுப்பு அவருடையது. நானோ வருடம் முழுக்க ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா அண்டாவாகக் கிண்டுகிறவள். வீட்டுக்கு வந்தாலும் அகப்பைதான். அகப்பை என் கையில் இல்லாத நாட்கள் வருடத்தில் அந்த ஒரு கிழமைதான். அந்தக் கிழமையை என்னிடமிருந்து எடுத்து, கையில் வெங்காயத்தைக் கொடுத்துவிடலாம் என்று மச்சாள் ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிட்டாள்.

நான் விழுந்த இடத்தையும் சொல்லவேண்டும். அந்தச் சரிவில் ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் தடுப்பு வலையுமாக ஒடுங்கிப் போகும் ஓரிடம் இருக்கிறது. அங்கே சின்னச் சின்னதாக, டக் டக்கென்று திரும்பவேண்டும். என்னுடைய ஸ்கீ திரும்பவில்லை. நான் திருப்பினேன், அது யோசித்தது. அது யோசித்து முடிக்கும்போது நான் பனிக்குவியலுக்குள் போயிருந்தேன்.

அந்த ஸ்கீ வந்த கதை எங்கள் ஆட்களால் மட்டுமே செய்யக்கூடிய காரியம். சுவிஸுக்குப் போன புதிதில் ஒரு மலை ஹொட்டேலில் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். மலைக்கு மேலே ஆட்களை இழுத்துப் போகும் கம்பி இழுவைக்கு வேலையாட்களுக்குச் சீட்டுத் தேவையில்லை. கூட வேலை செய்த பெண்கள் என்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது. பருவம் முடியும்போது ஊர்க்கடையில் மலிவு விற்பனை போட்டார்கள். வரிசையாக ஸ்கீக்கள். கட்டையானதும் நீளமானதும் எல்லாம் ஒரே விலை. ஒரே காசுக்குக் கூடச் சாமான் கிடைக்கும்போது குறைந்ததை எடுக்க எனக்கென்ன விசரா? வளர்கிற பிள்ளைக்குச் சப்பாத்து ஒரு அளவு பெரிதாகத்தானே வாங்குவோம், சட்டை தொளதொளவென்று இருந்தால்தானே வாங்கியதற்குப் பெறுமதி. இருந்ததிலேயே நீளமானதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நான் வளர்ந்து முடிந்து பல வருடங்கள் ஆகியிருந்தன என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

நிறுத்திவைத்துக் கையை மேலே தூக்கினால் ஸ்கீயின் முனை மணிக்கட்டைத் தொட்டது. அந்தக் காலத்தில் அதுதான் சரி என்று எல்லோரும் சொன்னார்கள். நீளமான ஸ்கீ என்றால் நல்லாய் ஓடுகிற ஆள் என்று அர்த்தம். அந்த மரியாதையை நான் லண்டன் வரைக்கும் கொண்டுவந்தேன். வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் அது நின்றது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "உது உங்கடையோ?" என்று கேட்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்மை. காலம் போகப் போக மலையில் எல்லோருடைய ஸ்கீயும் கட்டையாகிக்கொண்டே வந்தது. நான் அவற்றைப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்றே நினைத்தேன். மச்சாளும் என் கட்சிதான். அவள் புதிது புதிதாக வாங்குவாள், ஆனால் எப்போதும் தலைக்கு மேலே நிற்கிற நீளத்தில்.

கோடை முழுக்க என் கோபம் அப்படியே இருந்தது. செப்டெம்பரில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "நான் பழகப்போறன்" என்று அறிவித்தேன்.

"எதை?" என்றார் என் கணவர்.

"ஸ்கீயை."

"அப்ப இவ்வளவு காலமும் என்ன செய்தனீர்?"

நல்ல கேள்விதான். ஆனால் நான் முறைத்த முறையில் அவர் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டார்.

லண்டனைச் சுற்றி ஓடும் பெருஞ்சாலையைத் தாண்டிப் போனால் ஒரு தொழிற்பேட்டைக்குள் பெரிய கொட்டகை ஒன்று இருக்கிறது. உள்ளே குளிரூட்டி, உண்மையான பனியைக் கொட்டி, ஒரு சரிவு செய்து வைத்திருக்கிறார்கள். வெளியே மழை, உள்ளே பனிக்காலம். வெள்ளிக்கிழமைகளில் என் ஷிப்ட் பின்னேரத்துக்கு முன்பே முடிந்துவிடும். அந்த நேரம் அங்கே கூட்டம் குறைவு. முதல் வெள்ளிக்கிழமை என் நீள ஸ்கீயையும் ஏற்றிக்கொண்டு போனோம். எங்கள் சின்னக் காருக்குள் அது பின் கண்ணாடியில் தொடங்கி, எங்கள் இருவருக்கும் நடுவே வந்து, முன் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றது. அவர் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதனிடம் அனுமதி கேட்கவேண்டியிருந்தது.

மலையில் அகலமான சரிவில் நான் பெரிய பெரிய வளைவாகப் போட்டுச் சமாளித்துவிடுவேன். கொட்டகைக்குள் அதற்கு இடமில்லை. ஒரு திருப்பம் முடிவதற்குள் மறு பக்கச் சுவர் வந்துவிட்டது. முதல் முறை சுவரோரத் தடுப்பு வலையைப் பிடித்து நின்றேன். அடுத்த முறை வலை என்னைப் பிடித்தது. "ஐயோ அம்மா!" என்று கத்தியபடி குப்புற விழுந்தேன். முப்பது வருடமாக ஐரோப்பாவில் இருக்கிறேன், எத்தனை மொழிகள் வாய்க்குள் வந்துபோய்விட்டன, விழும்போது மட்டும் தமிழ்தான்.

சிவப்புத் தலைக்கவசம் போட்ட ஒரு பெண் மேலிருந்து குட்டிக் குட்டித் திருப்பங்களாக வந்து, என் மூக்குக்கு முன்னால் துளி பனிகூடத் தெறிக்காமல் நின்றாள்.

"நீங்க தமிழா?" என்றாள்.

"ஓம்" என்றேன், மூக்கிலிருந்து பனியைத் துடைத்துக்கொண்டு.

"கேட்டவுடனேயே நினைச்சேன். அடி படலையே?"

என் வயதுதான் இருக்கும். மலேசியாக்காரி. கணக்கியல் படிக்க வந்து, வேலை கிடைத்து, லண்டனிலேயே எட்மண்டனில் வீடு வாங்கி, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டாளாம். ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகுதான் ஸ்கீ பழகினாளாம். இவ்வளவையும் என் கையைப் பிடித்துத் தூக்கிவிடும் நேரத்துக்குள் சொல்லி முடித்தாள். பிறகு என் ஸ்கீயை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது என்ன, கூரைக்கு ஏறுற ஏணியா?"

நான் அதன் நீளத்தைப் பெருமையோடு சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் இழுவையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் ஸ்கீயைக் கழற்றி எனக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அது என் மூக்கு வரைதான் வந்தது.

"நம்ம உயரத்துக்கு இது போதும்லா. கவுண்டர்ல வாடகைக்குக் குடுப்பாங்க, ஒரு தடவை போட்டுப் பாருங்க. பிடிக்கலைன்னா ஏணியையே தூக்கிட்டுப் போங்க."

"எனக்குத் தேவையில்லை. நான் முப்பது வருசமாய் ஓடுறன்."

"ஆமா, பார்த்தேன்" என்றாள்.

அந்த 'பார்த்தேன்' எனக்குச் சுள்ளென்று ஏறியது. அவளுக்குக் காட்டவேண்டும் என்ற ஒரே வேகத்தில் கவுண்டருக்குப் போய், மூக்களவு ஸ்கீ ஒரு சோடி வாங்கி மாட்டினேன். காலில் ஒன்றுமே இல்லாதது போலிருந்தது. செருப்புப் போட்டுக்கொண்டு ஸ்கீ ஓட வந்தது போல வெட்கம். இதிலே என்ன பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டு மேலே போய், வழமை போல முழுப் பலத்தையும் போட்டு ஒரு திருப்புத் திருப்பினேன்.

ஸ்கீ திரும்பியது. நானும் திரும்பினேன். நிற்காமல் திரும்பி, ஏறி வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கணவர் அந்தப் பக்கமிருந்த தேநீர்க்கடைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையாட்டினார். நான் வேண்டுமென்றே அவரைப் பார்க்கத் திரும்பியதாக நினைத்திருப்பார்.

அடுத்த முறை பலத்தைக் குறைத்தேன். இப்போது வேறொரு கூத்து. சரிவு கொஞ்சம் செங்குத்தான இடத்தில் நான் வழமை போலப் பின்னால் சாய்ந்தேன். பின்னால் ஒன்றும் இல்லை. தொப்பென்று பனியில் உட்கார்ந்துவிட்டேன். எழும்பிப் போய் மறுபடி வந்தேன், மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விஷயம் வெளித்தது. இத்தனை வருடமும் நான் பின்னால் சாய்ந்துதான் ஓடியிருக்கிறேன். பள்ளத்தைக் கண்டால் உடம்பு தானாகப் பின்வாங்கும். நீள ஸ்கீயின் வால் பின்னால் நீண்டு கிடந்து, கதிரையின் முதுகு போல என்னைத் தாங்கிக்கொண்டே வந்திருக்கிறது. தாங்கியதே தவிர, திரும்ப விடவில்லை. பாரம் முழுக்கப் பின்னால் இருந்தால் முன்முனை எப்படித் திரும்பும்? கட்டை ஸ்கீயிடம் அந்தத் தாட்சண்யம் கிடையாது. பிழை விட்டால் அந்த இடத்திலேயே உட்கார வைக்கும்.

சிவப்புத் தலைக்கவசக்காரி வந்து பக்கத்தில் நின்றாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. சப்பாத்தோட முன்பக்கம் இருக்குல்ல, அதுல உங்க முழங்காலுக்குக் கீழ இருக்கிற எலும்பு அழுந்தணும். அழுந்துதான்னு மட்டும் பாருங்க. வேற எதையும் பார்க்காதீங்க."

பள்ளத்தைப் பார்த்து முன்னால் சாய்வதென்பது எளிதான காரியமல்ல. உடம்பிலுள்ள ஒவ்வொரு எலும்பும் வேண்டாம் என்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு சாய்ந்தேன். சப்பாத்தின் முன்பக்கம் காலை அழுத்தியது. கணுக்காலைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், ஒரு பக்கம் சரித்தேன்.

ஸ்கீ திரும்பிவிட்டது!

நான் தள்ளவில்லை, உலுப்பவில்லை, தோளைச் சுழற்றவில்லை. விளிம்பு பனியைக் கடித்து, ஒரு வளைவு போட்டு, என்னை ஏந்திக்கொண்டு போனது. மறு பக்கம் சரித்தேன், மறு பக்கம் திரும்பியது. இன்னொன்று. இன்னொன்று. சுவர் வருவதற்கு எவ்வளவோ முன்பே திரும்பிக்கொண்டிருந்தேன். கீழே வந்து நின்றபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. யாரோ ஒருவருடைய பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்கள் என்றும் பாராமல், "வந்திட்டுது! வந்திட்டுது!" என்று கத்தினேன். அறுபது வயதில், முப்பது வருடமாகத் தெரியும் என்று நினைத்திருந்த ஒன்றை முதல் தடவையாகச் செய்த சந்தோஷம் அது. பிள்ளை பெற்ற நாட்களைக் கழித்துப் பார்த்தால், அவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

கொடுத்த நேரம் முடிந்து, கொட்டகைக்காரர்கள் விளக்கைக் காட்டி அழைக்கும் வரைக்கும் நான் சரிவை விட்டு வரவில்லை. திரும்பி வரும்போது காருக்குள் வாய் ஓயாமல் பேசினேன். நடுவில் ஸ்கீ படுத்திருந்ததால் என் கணவரின் முகம் எனக்குத் தெரியவில்லை. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, "அப்ப வாற முறையும் நான் தனியத்தான் சமைக்கவேணும்" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. வெங்காயம் வெட்ட ஆள் கிடைக்கும் என்று மனுஷன் நம்பியிருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை என்றால் எனக்குக் காலையிலேயே கால் துறுதுறுக்கும். பள்ளிக்கூடத்தில் தட்டுகளை அடுக்கும்போதே கணுக்காலைச் சரித்துப் பார்ப்பேன். மலேசியாக்காரியும் தவறாமல் வருவாள். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, கைத்தடி இல்லாமல் ஓடுவது, வேண்டுமென்றே ஆமை வேகத்தில் ஓடுவது என்று இரண்டு பேரும் கூத்தடித்தோம். யார் விழுந்தாலும் மற்றவள் முதலில் சிரித்துவிட்டுப் பிறகுதான் கை கொடுப்பாள்.

கட்டை ஸ்கீக்கும் குறை இருக்கிறது. நேராக விட்டு வேகம் எடுத்தால் அது காலுக்கடியில் படபடக்கும், நீளமானது போல அமைதியாக ஓடாது. ஆனால் எனக்கு யாரோடும் ஓட்டப் பந்தயம் இல்லை. வேகம் கூடினால் திரும்பு, திரும்பினால் வேகம் குறையும். இந்தச் சின்ன விஷயம் கைவந்ததும் பள்ளத்தின் மேலிருந்த பயம் பாதியாகிவிட்டது. எப்போதுமிருந்த முழங்கால் நோவும் குறைந்தது, ஏனென்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் நான் யாரோடோ மல்லுக்கட்டவில்லை.

மார்கழியில் சொந்தமாகவே ஒரு சோடி வாங்கப் போனோம். மலிவு விற்பனை நேரம். மூக்களவு ஸ்கீக்குப் பக்கத்திலேயே அதை விட ஒரு சாண் நீளமானது, அதே விலையில் நின்றது. என் கை தானாக அந்தப் பக்கம் போனது. சத்தியமாகப் போனது. "இஞ்சாரும்!" என்று என் கணவர் பின்னாலிருந்து அதட்டியிருக்காவிட்டால் என்ன நடந்திருக்குமோ தெரியாது.

பெப்ரவரி வந்தது. மலை வீட்டின் வாசலில் வைத்து மச்சாள் என் ஸ்கீப் பையைத் திறந்து பார்த்தாள்.

"உது ஆற்றை? பேத்தியின்ரையோ?"

"என்ரை."

"உதோடையோ மேலை வரப்போறியள்?" என்றாள். சிரித்தாள். ஆனால் வழமையான சிரிப்பாக இருக்கவில்லை. நான் பையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போனேன். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலையில் நல்ல வெயில். அவளுடைய கணவரும் பிள்ளைகளும் முன்னால் பறந்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் அதே சரிவில், பாறைக்கும் வலைக்கும் நடுவே ஒடுங்கும் அந்த இடத்தின் விளிம்பில் வந்து நின்றோம். வழமையாக அவள் நிற்கமாட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சர்ரென்று போய்விடுவாள். அன்று நின்றாள்.

"நீங்கள் முதல் போங்கோ" என்றாள்.

"ஏன், நான் விழுறதை மேலை நிண்டு பாக்கவோ?"

ஒரு வருடமாகத் தீட்டி வைத்திருந்த வசனம் அது. சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கைத்தடிகளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"எனக்கு உதிலை ரண்டு வருசமாய்ப் பயம், மச்சாள்" என்றாள். "பிள்ளையளுக்குச் சொல்ல வெக்கம். இவருக்குச் சொன்னால் சிரிப்பார். போன முறை நீங்கள் விழுந்த உடனை, நீங்கள் கீழை நிண்டால் உங்களுக்குத் துணை எண்டு சொல்லிப்போட்டு நானும் நிக்கலாம் எண்டு நினைச்சனான்."

செப்டெம்பரிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இவளுக்குக் காட்டவேண்டும், இவளுக்குக் காட்டவேண்டும் என்று ஓடியிருக்கிறேன். இவளோ எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் வெட்ட இடம் தேடியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"இப்பவும் நிக்கலாம்" என்றாள். "திரும்பி இழுவைப் பக்கம் நடந்தால், அண்ணைக்கு உதவியாய் இருக்கும்."

"விசர்க்கதை கதையாதையும். இருந்திருந்து ஒரு கிழமைதான் எனக்குக் கிடைக்குது" என்றேன். "என்ரை பின்னாலை வாரும். நான் சின்னனாய்த் திருப்புவன், என்ரை தடத்திலையே திருப்பும். பின்னாலை சாயாதையும்."

அவள் தலையாட்டினாள். நான் முன்னால் சாய்ந்தேன். சப்பாத்து காலை அழுத்தியது. பாறை வந்தது, திரும்பினேன். வலை வந்தது, திரும்பினேன். போன வருடம் நான் புதைந்த குவியல் வந்தது, அதற்கு ஒரு முழம் இப்பால் திரும்பினேன். காது முழுக்கக் காற்று, நெஞ்சு முழுக்கச் சந்தோஷம். பின்னால் அவளுடைய நீள ஸ்கீ பனியைப் பிறாண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. பிறகு அந்தச் சத்தம் கொஞ்சம் தள்ளிக் கேட்டது.

"மெல்லப் போங்கோ மச்சாள்!" என்று மேலிருந்து கத்தினாள். "எனக்கு எட்டேலாமல் கிடக்கு!"

ஒரு மலையில் வைத்து என்னை யாரும் மெல்லப் போகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் வந்து சேரட்டும் என்று நான் வேகத்தைக் குறைத்தேன்.